மலை ஏறக் கழற்றிய 'ஸ்வே பார்'... ஆரல்வாய்மொழி காற்றுக்கு முன் மாட்டியாச்சா?

நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்... ரப்பர் மரங்களின் நிழல் சாலையில் விழத் தொடங்கியதுமே பாதையின் குணம் மாறிவிடும். அங்கிருந்து மாறாமலை பக்கம் கிராம்புத் தோட்டங்களுக்கு ஏறும் எஸ்டேட் பாதைகளில் ஜீப்தான் ராஜா. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய 'கன்னியாகுமரி கிராம்பு' இந்த மலைகளில் விளைவதுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டம் என்பதால், மலைப்பாதைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் அறுத்துப் போடும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் வந்தபோது குமரி மலையோரம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பாதைகளில் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்களுக்கு நடுவே, இப்போது சனி, ஞாயிறுகளில் பளபளக்கும் புது வண்டிகளும் தலைகாட்டுகின்றன. மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா என்று நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கியவர்களிடம் அடிக்கடி புழங்கும் ஒரு சொல், 'ஸ்வே பார்'. 'கல் பாதையில் ஏறும் முன் ஸ்வே பாரைக் கழற்றிவிட்டால் வண்டி பூனை மாதிரி ஏறும்' என்பது ஆஃப்ரோடு பிரியர்களின் நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. ஆனால், கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டுகிறார்களா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் உயிரே இருக்கிறது.

வண்டிக்கு அடியில் ஒரு முறுக்குக் கம்பி

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார்... எல்லாம் ஒன்றுதான். நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் ஸ்டெபிலைசர் பார் என்றால் சட்டென்று புரியும். இது புதுச் சரக்கும் இல்லை. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

விஷயம் எளிமையானது. வண்டியின் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவே குறுக்காக ஓடும் ஓர் உருக்குக் கம்பி. இரண்டு முனையும் 'ப' வடிவில் வளைந்திருக்கும். நடுப்பகுதியை ரப்பர் புஷ் வைத்து சேஸிஸோடு பிடித்திருப்பார்கள். இரு முனைகளும் லிங்க் ராடு என்கிற சின்னக் கம்பிகள் மூலம் இரு பக்க சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும்.

நேராக ஒரு வேகத்தடையில் ஏறுகிறீர்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்தே மேலே போகும். அப்போது கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும், அதற்கு வேலையே இல்லை. ஆனால், வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும். ஒரு பக்க ஸ்பிரிங் அமுங்கும், மறுபக்க ஸ்பிரிங் விரியும். கம்பியின் இரு முனைகளும் எதிரெதிராக இழுபட, ஈரத் துணியைப் பிழிவதுபோல நடுவில் முறுக்கு ஏறும். உருக்கு லேசில் முறுக்குக்கு இணங்காது, திருப்பி எதிர்க்கும். அந்த எதிர்ப்புதான் வண்டியைச் சாயவிடாமல் பிடித்து நிறுத்துகிறது.

கம்பியின் தடிமன் கொஞ்சம் கூடினாலே இந்த எதிர்ப்பு எகிறிவிடும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் அதே உருக்கில் 22 மில்லிமீட்டர் கம்பி போட்டால் கூடுவது 10 சதவிகிதத் தடிமன்தான். ஆனால், முறுக்கை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ 46 சதவிகிதம் கூடும். கம்பெனிக்காரர்கள் மில்லிமீட்டர் கணக்குப் பார்த்து இதைப் பொருத்துவதற்குக் காரணம் இதுதான்.

நாலுகால் நாற்காலியின் கஷ்டம்

தார்ச்சாலையில் காக்கும் இந்தக் கம்பி கல் பாதையில் ஏன் இடைஞ்சலாகிறது? வீட்டுச் சமையலறையில் இருக்கும் முக்காலியை எந்தக் கரடுமுரடான தரையில் போட்டாலும் ஆடாது. நாலுகால் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள்... மூன்று கால் தரையில் இருக்கும், நாலாவது கால் அந்தரத்தில் நிற்கும். வண்டியும் நாலுகால் நாற்காலிதான். அதன் சஸ்பென்ஷன் மட்டும்தான் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நீட்டி மடக்கி, நாலையும் தரையில் வைக்கப் பார்க்கிறது.

ஸ்வே பார் அந்த வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. இடப்பக்கச் சக்கரம் ஒரு பாறை மேல் ஏறினால், கம்பி வலப்பக்கச் சக்கரத்தையும் மேலே இழுக்கப் பார்க்கும். வலப்பக்கம் பள்ளமாக இருந்தால், அந்தச் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் காற்றில் தொங்கும்.

தொங்கும் சக்கரத்தால் வெறும் பிடிமானம் மட்டும் போவதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஆக்ஸிலில், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அது வீணாகச் சுழன்றுகொண்டே இருக்கும். தரையில் ஊன்றிய சக்கரத்துக்கு இழுக்கும் அளவுக்குத் திருகுவிசை கிடைக்காது. எஞ்சின் அலறும், வண்டி அசையாது.

கம்பியைக் கழற்றிவிட்டால் இரண்டு சக்கரங்களும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் தனித்தனியாக ஏறி இறங்கும். நாலு சக்கரமும் தரையில் இருக்கும் நேரம் கூடும். இன்னொரு லாபம், பின்சீட்டில் இருப்பவர்களுக்கு. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் மொத்த உடம்பும் வெட்டி ஆடுவது குறையும். தலை ஜன்னலில் மோதுவது, குழந்தைகள் வாந்தி எடுப்பது, பெரியவர்களுக்கு இடுப்பு பிடிப்பது எல்லாம் இந்த ஆட்டத்தால் வருபவைதான். ஆஃப்ரோடு பேச்சில் யாரும் பெரிதாகச் சொல்லாத நன்மை இது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் பெரிது.

ஜீப்புக்கு இது தேவைப்படவே இல்லையே?

மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்போடு வண்டித் தொழிலை ஆரம்பித்தது. அந்த வழியில் வந்த பழைய ஜீப்கள் பலவற்றில் ஸ்வே பாரே கிடையாது. வில்பட்டை எனப்படும் லீஃப் ஸ்பிரிங்தான் நான்கு மூலையிலும். பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசி விறைப்பாக நிற்பதால், சாய்வையும் அவை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

அதற்காகப் பழைய ஜீப் மலையில் மாயாஜாலம் செய்யும் என்று நினைக்க வேண்டாம். விறைத்த வில்பட்டையும் சக்கரத்தைத் தூக்கத்தான் செய்யும். வண்டியைக் காப்பாற்றுவது ஓட்டுநரின் கண். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது, எந்தப் பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விடுவது என்று பாதை பார்த்து, லோ கியரில் ஊர்ந்து போவார்கள். தேனி மாவட்டக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியில் இருந்து ஏறும் ஜீப்களில் போய் வந்தவர்கள் இந்த வித்தையைப் பக்கத்தில் இருந்தே பார்த்திருப்பார்கள்.

இந்த ஜீப்கள் எஸ்டேட்டைத் தாண்டி அதிகம் போவதில்லை. 100 கிலோமீட்டர் வேகம் என்பது அவற்றின் கனவிலும் இல்லை. புது தாரின் கதை வேறு. 2020 அக்டோபர் 2-ம் தேதி அறிமுகமான இந்தத் தலைமுறை தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், பின்பக்கம் மல்ட்டி லிங்க்கோடு முழு ஆக்ஸில், நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். இளகிய ஸ்பிரிங் என்பதால் சொகுசு அதிகம். அந்தச் சொகுசுக்கு ஈடாகச் சாய்வைப் பிடித்து நிறுத்த முன்னாலும் பின்னாலும் ஸ்டெபிலைசர் பார் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரை நான்குவழிச் சாலை, சனிக்கிழமை மலை என்று ஒரே வண்டி இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. கம்பி முதல் வாழ்க்கைக்கானது.

பட்டனைத் தட்டினால் போதும்... லட்சங்கள் இருந்தால்!

இந்த இரட்டை வாழ்க்கைக்கு அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2005-ல் டாட்ஜ் ராம் பவர் வேகன் டிரக்கில் முன்பக்க ஸ்வே பாரை உள்ளிருந்தே விடுவிக்கும் மின் வசதி வந்தது. அடுத்து ஜீப் ராங்லர் ரூபிகானிலும் அதே வசதி. நான்கு சக்கர இழுவையில் போட்டு, டேஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் கம்பி நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தன் பக்கம் பார்த்துக்கொள்ளும். டொயோட்டாவின் சில லேண்ட் குரூஸர்களில் இதே வேலையை ஹைட்ராலிக் அமைப்பு செய்கிறது.

ரூபிகானில் கவனிக்க வேண்டியது பட்டனை அல்ல. வேகம் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால், ஓட்டுபவர் எதுவும் செய்யாமலேயே கம்பி தானாக இணைந்துவிடும். வண்டியைத் தயாரித்தவர்களே அதற்கு மேல் கம்பி இல்லாமல் ஓடவிடத் தயாராக இல்லை என்பதுதான் இதன் அர்த்தம். அதுவும் முன்பக்கக் கம்பி மட்டும்தான் பிரியும். பின்பக்கம் அப்படியே இருக்கும்.

இந்தியாவில் ரூபிகானின் விலை 60 லட்சம் ரூபாய்க்கும் மேல். தாரில் இந்த வசதி இல்லை. அதனால் நம்மூரில் இது ஸ்பேனர் வேலை. மறதியைச் சரிசெய்ய எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது.

கழற்றுவது எப்படி... எங்கே சறுக்கும்?

முதல் விதி, சமதளம். இரு பக்கச் சக்கரமும் ஒரே உயரத்தில் நின்றால்தான் கம்பியில் முறுக்கு இருக்காது. சாய்வில் நிறுத்திவிட்டு நட்டைக் கழற்றினால், முறுக்கேறிய கம்பி விடுபட்ட வேகத்தில் கையைப் பதம் பார்த்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது கூடவே கூடாது.

லிங்க் ராடின் ஒரு முனையை இரண்டு பக்கமும் கழற்றினால் வேலை முடிந்தது. 'ஒரு பக்கம் கழற்றினாலே கம்பி வேலை செய்யாதே' என்று கேட்கலாம். சரிதான். ஆனால், ஆடிக்கொண்டிருக்கும் முனை டயரிலோ பிரேக் ஹோஸிலோ இடிக்கும். இரண்டையும் கழற்றி, கம்பியையும் லிங்க்கையும் எதிலும் படாதபடி மேலே தூக்கி உறுதியாகக் கட்டிவிடுவதுதான் முறை. கழற்றிய பிறகு சக்கரங்கள் முன்னைவிட அதிகம் கீழே இறங்கும். அப்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று ஒரு சின்ன மேட்டில் மெதுவாக ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். பிரேக் ஹோஸ் அறுந்தால் மலையில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எதிர்பார்ப்பிலும் கொஞ்சம் கவனம் தேவை. முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் உள்ள ராங்லர் போன்ற வண்டியில் கிடைக்கும் பலன், முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் உள்ள தாரில் அப்படியே கிடைக்காது. விஷ்போன் கைகளின் நீளம் எவ்வளவோ, ஷாக் அப்ஸார்பர் எவ்வளவு விரியுமோ, அந்த அளவுக்குத்தான் சக்கரம் இறங்கும். கம்பியைக் கழற்றினால் அந்த எல்லை மாறாது.

உண்மையைச் சொன்னால், குமரியின் எஸ்டேட் பாதைகளில் வார இறுதிக்கு வந்து போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்பேனரே தேவைப்படாது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது, 4 லோ-வில் ஊர்வது, பாதை பார்த்து ஓட்டுவது... இவையே முக்கால்வாசிப் பிரச்னையைத் தீர்க்கும். தாரின் சில வகைகளில் பின்பக்கம் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்கிறது. கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுசேர்ப்பதுதான் அவற்றின் வேலை. வீட்டில் இருக்கும் அந்த ஆயுதத்தைப் பயன்படுத்தத் தெரியாமலேயே, கம்பியைக் கழற்றக் கிளம்பிவிடுகிறார்கள் சிலர்.

இன்னோர் ஆபத்து, ஓரச்சரிவு. பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் கம்பி இல்லாத வண்டி கூடுதலாகச் சாயும். மேலே கேரியரில் மூட்டை, பின்னால் நின்றபடி நான்கு பேர் என்றால், எடை உயரத்தில் இருப்பதால் சாய்வு எந்த நொடியிலும் கவிழ்வாக மாறலாம். கல் பாதைக்கு உதவும் அதே காரியம், ஓரச்சரிவில் எதிரியாகிறது.

மலை யாருடையது?

கம்பியைக் கழற்றத் தெரிந்துவிட்டால் எந்தக் காட்டுக்குள்ளும் போகலாம் என்று அர்த்தமில்லை. மாவட்டத்தின் காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரின சரணாலயத்துக்குள் வருகிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். எஸ்டேட் பாதை என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். யானை நடமாடும் மலை இது. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டது மேல் கோதையாறு பக்கம்தான்.

பேச்சிப்பாறை அணையைச் சுற்றியுள்ள காணி மக்களின் குடியிருப்புகளில் சிலவற்றுக்குப் படகில்தான் போக முடியும். சிலவற்றுக்கு ஜீப் ஏறும் மண்பாதைதான் வழி. பிரசவ வலி வந்த பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் கீழே கொண்டுவருவது அந்தப் பாதைதான். மழைநாளில் சாகசத்துக்காக அதில் சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு முழம் ஆழத்துக்குக் குழி பறித்துவிட்டு வருகிறவர், மறுநாள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒருவரின் வழியை அடைத்துவிட்டு வருகிறார்.

கீழே இறங்கிய பிறகு

மலையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த வண்டிக்குக் கம்பி இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது. கீழே இறங்கி, டீ குடித்து, பாட்டு போட்டுக்கொண்டு கிளம்பினால் 40, 50-லும் பெரிதாக எதுவும் தெரியாது. அதுதான் சிக்கலே. மாட்ட மறந்தது ஞாபகத்துக்கே வராது.

நாகர்கோவிலில் இருந்து நெல்லை, மதுரை பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டித்தான் போவார்கள். முப்பந்தலில் காற்றாலைகள் இவ்வளவு நெருக்கமாக நிற்பது சும்மா அல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வரும். நெடுஞ்சாலையில் லாரியின் மறைவில் இருந்து வெளியே வரும் நொடியில், பக்கவாட்டில் யாரோ தோள் கொடுத்து இடித்த மாதிரி கார் நகரும். தார் போன்ற உயரமான, பெட்டி வடிவ வண்டிக்கு இந்த இடி கூடுதலாகவே விழும்.

ஸ்வே பார் இருந்தால் வண்டி லேசாகச் சாய்ந்து உடனே நிமிரும். இல்லாவிட்டால் சாய்வு பெரிதாகும், நிமிர நேரமாகும், அதற்குள் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்திருப்பார். முன்பக்கக் கம்பி மட்டும் இல்லையென்றால் இன்னொரு கோளாறும் சேரும். திரும்பும்போது வரும் சுமையின் பெரும்பங்கு பின் டயர்கள் மேல் விழும். அவை முதலில் பிடி விட்டால், வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். முன்னால் போகும் பைக்கைத் தவிர்க்கச் சட்டென்று ஒடிக்கும் அந்த ஒரு நொடியில் இது நடந்தால், சமாளிக்கச் சாலை போதாது.

சட்டமும் இதைப் பார்க்கிறது. குறைபாடு இருப்பது தெரிந்தும், ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின் கீழ் குற்றம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை நிரந்தரமாக மாற்றுவது 52-வது பிரிவில் சிக்கும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

மலைப் பக்கமே போகாத குடும்பக் கார்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? பல நேரம் தேய்ந்துபோன லிங்க் ராடுதான் காரணமாக இருக்கும். சத்தத்துக்கு மருந்தாக லிங்க்கையே கழற்றிப் போட்டுவிட்டு, 'இப்ப சத்தம் வராது சார்' என்று வண்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். சத்தம் உண்மையிலேயே வராது. கம்பியும் வேலை செய்யாது. லிங்க்கையும் புஷ்ஷையும் மாற்றச் சொல்லுங்கள்.

கழற்றியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு. கழற்றிய நட்டுகளை ஒரு சிவப்புத் துணிப் பையில் போட்டு, ஸ்டீயரிங்கிலேயே கட்டிவிடுங்கள். மலை இறங்கியதும் தடிக்காரன்கோணத்திலோ பூதப்பாண்டியிலோ சமதளமாக ஓர் இடம் பார்த்து நிறுத்துங்கள். டயருக்குக் காற்று ஏற்றுங்கள். லிங்க்கின் ஓட்டை நேராக வரவில்லை என்றால், ஒருவர் அந்தப் பக்க பம்பரை மேலிருந்து அமுக்க, இன்னொருவர் மாட்டலாம். கையால் முறுக்கியதோடு விட்டுவிடாமல், வண்டியின் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இறங்கி இன்னொரு முறை பார்த்துவிட்டு, அப்புறம் ஆரல்வாய்மொழி பக்கம் திருப்புங்கள்.